கரடிக் காசும் கந்தளாய்த் தயிரும்: திருகோணமலையில் ஆறு நாள்

முதல் நாள்: கந்தளாய்

ஐந்து நாள் ஜப்பானில் நின்றுவிட்டு, நரிட்டாவில் விமானம் ஏறி நேராகக் கட்டுநாயக்காவில் வந்து இறங்கினோம், நானும் மகளும். இதை உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் படிக்கட்டில் இருந்து எழுதுகிறேன். கடல் கூப்பிடு தூரத்தில் இரைகிறது. நுளம்பு கடிக்கிறது.

மகளுக்கு இருபது வயது. ரொறன்ரோவில் பல்கலைக்கழகம் போகிறாள், சனி ஞாயிறுகளில் ஓர் உணவகத்தில் பரிமாறுகிறாள். மது பரிமாறுகிறவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த அடிப்படைச் சம்பளம் என்று ஒன்ராறியோவில் ஒரு சட்டம் இருந்தது. 2022 ஜனவரி முதலாம் திகதி அதை எடுத்துவிட்டார்கள். டிப்ஸ் கேட்பது மட்டும் நிற்கவில்லை. காசு கட்டும் இயந்திரத்தை நீட்டுவார்கள், திரையில் 18, 20, 22 என்று வீதங்கள் வரும், நீட்டியவர் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அந்தத் திரையைக் கண்டாலே எரிச்சல். எல்லை தாண்டினால் இன்னும் மோசம். அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 2.13 டொலர், 1991இலிருந்து அதே தொகை. முதலாளி கொடுக்க வேண்டியதைச் சாப்பிட வந்தவனின் தலையில் கட்டுகிறார்கள் என்பது என் கட்சி. "அந்தக் காசிலதான் அப்பா நான் புத்தகம் வாங்கிறன்" என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவளை ஜப்பானுக்குக் கூட்டிப்போனால் என்ன நடக்கும்? ராமென் கடை வாசலில் ஓர் இயந்திரம், காசைப் போட்டுச் சீட்டு எடுத்து உள்ளே கொடுத்தால் கிண்ணம் வருகிறது. டிப்ஸ் கொடுக்க எதிரே ஆளே இல்லை. மற்றக் கடைகளில் காசைக் கையில் வாங்காமல் ஒரு சின்னத் தட்டைத் தள்ளுகிறார்கள், மிச்சக் காசும் சதம் பிசகாமல் வருகிறது. ஒருநாள் இரவு இசகாயா என்ற மதுவும் சாப்பாடும் கிடைக்கும் கடை ஒன்றில், கேட்காமலே சிறு கிண்ணத்தில் ஏதோ ஊறுகாய் மாதிரி வந்தது. பில்லில் ஆளுக்குச் சில நூறு யென் ஏறியிருந்தது. அதற்கு ஒத்தோஷி என்று பெயர், இருக்கைக் காசு என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே டிப்ஸ் இல்லாத நாடென்றால் விலைப்பட்டியலுக்கு மேல் ஒன்றும் வராது என்று நினைத்துவிடாதீர்கள்.

கொடுக்கிற இடமும் இல்லாமல் இல்லை. பழைய ரியோகான் விடுதிகளில் அறையைக் கவனிக்கும் பெண்ணுக்கு, வந்து சேர்ந்த உடனேயே, புதுத்தாளை உறையில் வைத்துக் கொடுப்பார்களாம். கொகொரோசுகே என்பார்கள். கட்டாயம் இல்லை. ஆனால் கொடுப்பதென்றால் வெறுங்காசாக நீட்டுவது மரியாதைக் குறைவு. நாங்கள் தங்கியது சாதாரண ஹோட்டல், எங்களுக்கு அது கேள்வி ஞானத்தோடு சரி. சாப்பிட்டு எழும்பும்போது சமைத்தவருக்குக் கேட்கிற மாதிரி 'கொச்சிசோ-சமா தெஷித்தா', அதாவது சாப்பாட்டுக்கு நன்றி, என்று சொல்லிவிட்டு வந்தோம். அதற்கு அவர்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்தும் மகளுக்கு ஆறவில்லை. ஐந்து நாளும் கை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த அரிப்பைக் கந்தளாயில் தீர்த்துக்கொள்ளப் பார்த்தாள். எங்கள் வான் ஓட்டும் அண்ணை நீர்கொழும்புக்காரர், அறுபதைத் தாண்டியவர். வீதியோரத்தில் தயிர்ச்சட்டி அடுக்கியிருந்த கடையில் நிறுத்தினார். முக்காடு போட்ட ஓர் அம்மா இருந்தார். ஒரு சட்டி எருமைத் தயிர் 700 ரூபாய். மகள் ஆயிரத்தை நீட்டி, "மிச்சத்தை நீங்களே வச்சிருங்கோ" என்றாள்.

"மிச்சம் எதுக்கு மகள்?"

"உங்களுக்குத்தான்."

அம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அடுக்கிலிருந்து ஒரு சின்னச் சட்டியை எடுத்து, வாயைக் கடதாசியால் கட்டி, ஒரு பொட்டலம் பாணியும் வைத்து மகளின் கையில் கொடுத்தார். "இப்ப சரி."

திருகோணமலை வரும்வரை மகள் இரண்டு சட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அண்ணை கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள்: கோணேசர்

சித்தி கோபத்தில் இருக்கிறார். "வீடு இருக்க ஆரும் காசு குடுத்து லொட்ஜில படுப்பினமோ?" என்று தொலைபேசியிலேயே தொடங்கிவிட்டார். வீட்டில் இருப்பது இரண்டு அறை, அதில் ஐந்து பேர். கடைசியில் இராப்படுக்கை விடுதியில், சாப்பாடு சித்தி வீட்டில் என்று ஒப்பந்தம். விடுதியில் காலைச் சாப்பாடு அறைக் காசோடு சேர்ந்தது என்ற விசயத்தை நான் சித்திக்குச் சொல்லவில்லை.

காலையில் கோணேசர் கோயில். பிரெட்றிக் கோட்டை வாசலுக்குள் போனதும் மான்கள். பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் வழிவிடாமல் நடுவீதியில் படுத்திருக்கும் புள்ளிமான்கள். போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அந்தக் கல்லையும் சேர்த்துக் கட்டிய கோட்டை, இப்போது இராணுவம் இருக்கிறது, அதற்கூடாகத்தான் சாமிமலைக்கு ஏறவேண்டும். சம்பந்தர் பாடிய தலம். இராவணன் வெட்டருகில் நின்று கீழே பார்த்தால் கடல் கறுநீலமாகத் தெரிகிறது. சின்ன வயதில் அம்மா என் அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் எட்டிப்பார்க்க விடுவார். இப்போது மகளின் பையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

அர்ச்சனைச் சீட்டு எடுத்தோம். விலை அச்சடித்திருந்தது, கொடுத்தோம், முடிந்தது. ஐயர் தட்டோடு வந்தபோது நான் ஒரு தாளை வெற்றிலைமேல் வைத்தேன். மகள் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, இது டிப்ஸா?"

"இல்லை, தட்சணை."

"சீட்டுக்குக் காசு குடுத்தாச்சு. இது கூடக் குடுக்கிறது. டிப்ஸ்தானே?"

சந்நிதியில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. வெளியே வந்தும் முடியவில்லை. செருப்புப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கொடுத்தது என்ன? கூலி. மான் பக்கத்தில் நிற்கச் சொல்லி எங்கள் தொலைபேசியிலேயே படம் பிடித்துத் தந்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற பொடியனுக்குக் கொடுத்தது? அதற்கு இங்கே சொல் இருக்கிறது: சந்தோசம். "ஏதாவது சந்தோசம் தாங்கோ" என்பார்கள். கந்தோரில் ஒரு கடதாசி வேகமாக நகர வேண்டுமென்றாலும் அதே சொல்தான், அதனால் எனக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் பயம். ஆனால் ஒன்று கவனித்தேன். தட்சணையை வெற்றிலையில் வைக்கிறோம். கலியாண வீட்டில் உறையில் வைத்து, 1,000 என்றால் 1,001 ஆக்கித்தான் கொடுக்கிறோம். ஜப்பான்காரரின் உறைப் பழக்கத்தைக் கேள்விப்பட்டபோது அது ஏதோ புதுமை என்று நினைத்திருந்தேன். எங்களுக்கும் வெறுங்காசு கூசத்தான் செய்கிறது.

மூன்றாம் நாள்: எத்தனை வடை?

இன்று நடந்ததை மகள் எழுதவேண்டாம் என்றாள். எழுதுகிறேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. மேசை, வாங்கு, சுவரில் பிள்ளையார் நாட்காட்டி. வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: எங்கள் கடைகளில் வடை ஒன்று, றோல்ஸ் ஒன்று என்று கேட்கத் தேவையில்லை. ஒரு தட்டு நிறைய அடுக்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்துவிடுவார்கள். வேண்டியதைச் சாப்பிட்டுவிட்டு எழும்பும்போது இத்தனை வடை, இத்தனை றோல்ஸ் என்று நாங்களே சொல்ல வேண்டும். அவர்கள் அதை நம்பிக் கூட்டிச் சொல்வார்கள். தட்டில் எத்தனை வைத்தோம் என்பது பொடியனுக்கு நினைவிருக்கும் என்பது வேறு கதை.

நாலு வடை, இரண்டு பால் தேத்தண்ணி. காசு கட்டிவிட்டு வெளியே வந்து பிரதான வீதிப் பக்கம் திரும்பி ஐம்பது யார் நடந்திருப்போம். பின்னால் "அண்ணை! அண்ணை!" என்று சத்தம். பொடியன் மூச்சு வாங்க ஓடிவருகிறான், கையில் இருநூறு ரூபாய். நான் காசு கட்டும் நேரம் மகள் அதைத் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

"மேசையில விட்டுட்டு வந்திட்டீங்கள்."

மகள், "அது உங்களுக்கு" என்றாள். அவன் வாங்கவில்லை. எங்களைத் திரும்பவும் கடைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். முதலாளி காசு வாங்கும் பட்டறையில் இருந்தபடி, முகத்தில் உண்மையான கவலையோடு கேட்டார்: "தம்பி, நாலு வடை எண்டுதானே சொன்னனீங்கள். கூடச் சாப்பிட்டனீங்களோ? இல்லை, இவன் கணக்குப் பிழையாச் சொல்லிப்போட்டானோ?"

கணக்கில் பிழையில்லை, பொடியன் நன்றாகக் கவனித்தான், அதற்காகப் பிள்ளை வைத்தாள் என்று விளங்கப்படுத்தினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு மாதிரியாகப் பட்டது. சாப்பிட்டவனின் சொல்லை நம்பிக் காசு வாங்கும் கடையில், கணக்குக்கு மிஞ்சின காசு என்றால் யாரோ பிழைவிட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். முதலாளி கடைசியில் சிரித்தார். இருநூறைத் திருப்பி என் கையில் வைத்து, "வடை நல்லா இருந்ததோ?" என்றார்.

"நல்லா இருந்தது."

"அதை உள்ளுக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. காலமை நாலு மணிக்கு எழும்பி அரைச்சவ."

மகள் குசினி வாசல்வரை போய்ச் சொன்னாள். உள்ளேயிருந்து ஒரு அக்கா மாக்கையோடு எட்டிப்பார்த்து, "ஆர் பெத்த பிள்ளை?" என்று கேட்டார்.

நாலாம் நாள்: கன்னியா

வெந்நீரூற்று. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாயின் கிரியைக்காக இராவணன் உண்டாக்கியது என்பது கதை. அம்மாவின் காரியத்துக்கு வரமுடியாமல் போனவன் நான். வாளியால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டேன். இன்று யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை, எழுதவும் வேறில்லை.

ஐந்தாம் நாள்: புறாத்தீவு, பிறகு தம்பி சொன்னது

நிலாவெளிக் கரையிலிருந்து படகு. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம், வனசீவராசிகள் திணைக்களத்தில் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் விலை பலமடங்கு. பிறந்த ஊரில் வெளிநாட்டுக்காரன் விலை கொடுத்தேன், அது பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. சீட்டு ஒரு காசு, படகு ஒரு காசு, முகக்கண்ணாடியும் குழாயும் வேறு காசு. எல்லாவற்றையும் ஏறமுதலே பேசி முடித்துவிடுவது நல்லது.

படகுக்காரத் தம்பி வேலை செய்தவிதம் அருமை. பவளப்பாறையில் கால் வைக்கக்கூடாது என்று தானே முன்னே நீந்திக் காட்டினார். மகளுக்கு நீச்சல் தெரிந்தும் கரையோரம்வரை கூடவே வந்தார். கறுப்புச் செட்டை நுனியுள்ள சுறாக் குட்டிகளைக் காட்டினார். திரும்பி வந்ததும் நான் தனியாகக் கூப்பிட்டுக் கையில் மடித்துக் கொடுத்தேன். "சந்தோசம் அண்ணை" என்று சட்டைப்பைக்குள் வைத்தார். எண்ணிப் பார்க்கவுமில்லை, ஓடியும் வரவில்லை. மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இவருக்கு மட்டும் ஏன் குடுக்கலாம்?"

பதில் சித்தியின் மகனிடமிருந்து வந்தது. தம்பி கடற்கரை ஹோட்டல் ஒன்றில் குசினியில் இருக்கிறான். இரவு அவன் விடுமுறை, மூவரும் வெளியே சாப்பிடப் போனோம். பில் வந்தது. அடியில் சேவைக் கட்டணம் 10 வீதம், அதன்மேல் 18 வீத வற் வரி. மகள் வழக்கம்போலத் தொலைபேசியை எடுத்து மொத்தத்துக்கு இன்னொரு 18 வீதம் கணக்குப் பார்க்கத் தொடங்கினாள். தம்பி பில்லைப் பிடுங்கி அந்த 10 வீதச் சேவைக் கட்டணத்தில் விரலை வைத்தான்.

"இதை முதல் பாருங்கோ பிள்ளை. இதுதான் எங்கட காசு."

அவன் வேலை செய்யும் இடத்தில் மாதம் முழுக்கச் சேரும் சேவைக் கட்டணத்தைக் கடைசியில் ஆட்களுக்குப் பிரிக்கிறார்கள். பரிமாறுகிறவர், சமைக்கிறவர், துணி துவைக்கிறவர், பூமரத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் எல்லோருக்கும் பங்கு. நல்ல மாதத்தில் அந்தப் பங்கு அடிப்படைச் சம்பளத்தையே தாண்டிவிடுமாம். மேசையில் வைக்கும் காசு முன்னால் நிற்கிறவரோடு நின்றுவிடுகிறது. "குசினிக்குள்ள வந்து ஆர் தரப்போகினம்?" என்றான். ஆக, வெள்ளைக்காரர் பில்லில் 10 வீதம் இருப்பதைக் கவனிக்காமல் மேலே வைத்தால் ஒருவருக்கு லாபம். கவனித்துவிட்டு வைக்காமல் போனால் ஒருவருக்கும் நட்டமில்லை. பில்லில் சேவைக் கட்டணம் இல்லாத சின்னக் கடையென்றால் பத்து வீதமளவில் வைக்கலாம், தேத்தண்ணிக் கடையில் வைக்கத் தேவையே இல்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இங்கே கடல் அடங்கியிருப்பது மே தொடங்கிச் செப்டம்பர்வரை. மாரியில் அலை, மழை, அறைகள் வெறும். அறை வெறுமென்றால் சேவைக் கட்டணமும் வெறும். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு 2022இல் எரிபொருளுக்கு நாள்க்கணக்கில் வரிசை. அந்த வருடங்களில் தம்பி வெறும் அடிப்படைச் சம்பளத்தில் இருந்தான், சில மாதம் அதுவும் இல்லை. "உங்கட ரொறன்ரோவில பனி கொட்டினாலும் ஆக்கள் சாப்பிட வருவினம்தானே" என்றான் மகளிடம். அவள் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவனும் பிறகு வந்து சேர்ந்தான், கொரியாவில் தொழிற்சாலை வேலை முடித்துத் திரும்பியவன். அங்கே 2013இலிருந்து உணவகப் பட்டியலில் எல்லாம் சேர்த்த விலையைத்தான் போட வேண்டுமாம். போட்ட விலையைக் கொடுத்துவிட்டு எழும்ப வேண்டியதுதான். "வந்த புதுசில டாக்சிக்காரருக்கு மிச்சத்தை விட்டன். இறங்கி வந்து தந்திட்டுப் போனார்" என்றான். சிங்கப்பூர் கதையும் வந்தது. பெரிய உணவகத்தில் பில்லிலேயே 10 வீதம் ஏறியிருக்கும், அங்காடிச் சாப்பாட்டுக் கடைகளில் ஒன்றுமில்லை, தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும். எந்த நாடு என்பதைவிட, விலைக்குள் யாருடைய உழைப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் காரியம் என்று எனக்குப் பட்டது. படகுக்காரத் தம்பியின் பில்லில் பத்து வீதம் இல்லை. அவ்வளவுதான் மகளின் கேள்விக்குப் பதில்.

சாப்பாட்டுக் காசைத் தம்பி கட்டிவிட்டான். நானும் அவனும் மல்லுக்கட்டியதைப் பரிமாறியவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறாம் நாள்: போத்தல்

இன்று புறப்பாடு. வான் அண்ணைக்கு உறையில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று நேற்றே முடிவு. தொகையில்தான் மகளுக்கும் எனக்கும் சண்டை, அதை எழுதமாட்டேன். சித்தி வீட்டுக் கணக்கு வேறு. அங்கே பிள்ளைகளின் கையில் காசை வைத்தால் சித்தி பிடுங்கித் திருப்பித் தருவார், நான் சாமித்தட்டில் வைப்பேன், அவர் பயணப்பைக்குள் முறுக்கும் பருத்தித்துறை வடையும் திணிப்பார். ஒருவரும் வெல்லாத விளையாட்டு. வாசலில் நின்று, "அடுத்தமுறை இஞ்ச படுக்காட்டி வராதே மகன்" என்றார்.

விடுதிக்குத் திரும்பிப் பையைக் கட்டும்போது, அறை துப்புரவாக்கும் பொடியன் கதவருகில் தயங்கிக்கொண்டு நின்றான். கையில் ஒரு பழைய ஜாம் போத்தல். அரைவாசிக்கு மேல் நாணயம்.

"அண்ணை, இது உங்கட நாட்டுக் காசோ?"

கட்டிலில் கொட்டிப் பார்த்தோம். யூரோ, பென்ஸ், சுவிஸ் காசு, ஏதோ அரபு எழுத்துள்ளது. விருந்தினர் போகும்போது பொக்கற்றில் கிடப்பதையெல்லாம் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். கொடுத்தவருக்குத் திருப்தி. இவனுக்கோ வங்கிக்குப் போனால் தாள் மட்டும்தான் மாற்றுவோம், சில்லறை எடுக்கமாட்டோம் என்கிறார்கள். இரண்டு வருடமாகப் போத்தலில் சேர்கிறது.

"யப்பான் ஆக்கள் காசு வைக்கிறேல்லை. கடதாசியில குருவி செய்து வச்சிட்டுப் போவினம்" என்றான். குருவியை வைத்திருக்கிறான், அலுமாரிக்கு மேலே.

மகள் கனடாக் காசைப் பொறுக்கினாள். இரண்டு டொலர்க் காசு ஏழு, ஒரு டொலர் நாலு. "இந்தக் கரடிக் காசு பெரிசோ?" என்று கேட்டான். பனிக்கரடி போட்ட இரண்டு டொலரைத்தான். ஏழு கரடியும் நாலு பறவையும் 18 டொலர். நான் நாலு ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டி, "சரியாப் போச்சு" என்றேன்.

"பொறுங்கோ." தொலைபேசியில் அன்றைய விலையைத் தேடினான். டொலர் 215. பெருக்கினான், ஒருதரம் சரிபார்த்தான். "மூவாயிரத்து எண்ணூற்று எழுபது."

"பரவாயில்லை தம்பி, வையுங்கோ."

அவன் கேட்டதாகத் தெரியவில்லை. படியிறங்கி முன்பக்கம் போய்விட்டான். வான் அண்ணை வெளியே இரண்டுதரம் ஹோர்ண் அடித்தார். பையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வாசலுக்கு வந்தபோது பொடியன் திரும்பி வந்து, ஒரு நூறு ரூபாய்த் தாளையும் மூன்று பத்து ரூபாய்க் குற்றியையும் மகளின் கையில் எண்ணி வைத்தான்.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு காசைப் பொத்தி, "தாங்க்ஸ் அண்ணா" என்று சொல்லிவிட்டு வானில் ஏறினாள்.